மெதுவாங்க அண்ணனும் ஒட்டிக்கொண்ட கதவும்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே அதிகம் பயப்படுகிற மனிதருக்கு ஒரு பரிசு என்று யாராவது அறிவித்தால், போட்டியே நடத்த வேண்டாம், எங்கள் மெதுவாங்க அண்ணனிடமே கொடுத்துவிடலாம். ஆனால் வாங்க வரமாட்டார். மேடைக்கு முட்டுக்கொடுத்த கம்பு சவுக்கா மூங்கிலா, மேலே தொங்கும் சீரியல் லைட்டுக்கு ஒயர் எங்கிருந்து இழுத்திருக்கிறார்கள், போர்த்தப்போகும் பொன்னாடை பருத்தியா பாலியஸ்டரா என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, "கூரியர்ல அனுப்பிருங்க" என்று சொல்லிவிடுவார். கூரியரில் வந்த பெட்டியையும் இரண்டு நாள் வராந்தாவில் வைத்து, உள்ளே சத்தம் கித்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பிரிப்பார்.

நிஜப் பெயர் அவருடைய அம்மாவுக்கும் ஆதார் அட்டைக்கும் தெரிந்திருக்கும். காந்திபுரத்தில் நாங்கள் தங்கியிருந்த ஆண்கள் விடுதியில் அவர் வெறும் மெதுவாங்க அண்ணன். வாயைத் திறந்தால் முதலில் வரும் வார்த்தை அதுதான். டவுன் பஸ் டிரைவர் திருப்பத்தில் ஸ்டியரிங்கைத் தொட்டாலே பின் சீட்டிலிருந்து "மெதுவாங்க" என்று ஒரு குரல் வரும். மெஸ்ஸில் தோசையைத் திருப்பிப் போடுகிறவருக்கு ஒரு மெதுவாங்க. சலூன்காரர் கத்தியை எடுத்தால் ஒன்று, கீழே வைத்தால் ஒன்று. ஒருமுறை கோயிலில் குருக்கள் கற்பூரத் தட்டைச் சுற்றும்போது, பக்தர்கள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் திரைச்சீலையைக் காட்டி "மெதுவாங்க சாமி" என்றார். சாமி என்றது குருக்களையா உள்ளே இருந்தவரையா என்று தெரியவில்லை.

இப்படிப் பயப்பட அவருக்கு ஒரு உத்தியோகக் காரணம் இருந்தது. தீப்பிடித்த மில், குடோன், கடை இவற்றுக்கெல்லாம் போய்ச் சேதத்தைப் பார்த்து இன்சூரன்ஸுக்கு அறிக்கை தரும் சர்வேயர் ஒருவரிடம் அவர் உதவியாளர். எரிந்த இடத்தை எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுப்பது அவர் வேலை. வருஷக்கணக்கில் கரியையே பார்த்துப் பார்த்து, முழுசாக இருக்கும் எதைப் பார்த்தாலும் அது எரிந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் அவருக்கு முதலில் தெரியும். நாமெல்லாம் மெஸ்ஸுக்குள் நுழைந்தால் இன்றைக்கு என்ன குழம்பு என்று பார்ப்போம். அவர் வெளியே ஓட வழி எங்கே என்று பார்ப்பார். வழிக்குப் பக்கத்து மேஜையில் இடம் கிடைக்காவிட்டால் சாப்பிடாமலே வந்துவிடுவார்.

அவர் அறையில் கட்டிலுக்கு அடியில் பெட்டி இருக்காது. மணல் நிரப்பிய சிவப்பு வாளி ஒன்று இருக்கும். செல்போனைச் சார்ஜில் போட்டால், அடுப்பில் பால் வைத்த மாதிரி எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பாத்ரூம் போக வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் போவார். தீபாவளிக்கு ஒரே ஒரு கம்பி மத்தாப்பு கொளுத்துவதற்கு அவர் செய்த ஏற்பாட்டில் ஒரு சின்னக் கல்யாணத்தையே முடித்திருக்கலாம். கடைசியில் மத்தாப்பு பற்றவில்லை. பக்கத்தில் வைத்திருந்த ஈரச் சாக்குகளின் ஈரம் அதற்கும் ஏறிவிட்டது.

இந்தப் பயம் தொற்றக்கூடியது. நான் அப்போது ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். ஒரு நாள் ஆபீஸ் போகும் வழியில் அயர்ன் பாக்ஸை அணைத்தோமா என்று திடீரென்று சந்தேகம் வந்து, பஸ்ஸை விட்டு இறங்கி, வேர்க்க விறுவிறுக்க விடுதிக்கு ஓடி வந்தேன். மாடிப்படியில் கால் வைத்த பிறகுதான், என்னிடம் அயர்ன் பாக்ஸே கிடையாது என்பது ஞாபகத்துக்கு வந்தது.

விடுதி இருந்த கட்டடத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கீழ்த்தளத்தில் சரசக்காவின் மெத்தைக் கடை. மேலே முதல் மாடியில் எங்கள் அறைகள். அதற்கு மேல் மொட்டைமாடி. மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் சரசக்கா பஞ்சு மூட்டைகளை அடுக்கியிருப்பார். ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் ஏறி இறங்க முடியும். இப்படி ஒரு கட்டடத்தில் வந்து ஏன் குடியிருக்கிறீர்கள் என்று அண்ணனிடம் கேட்டதற்கு, "நாம வேற பக்கம் போயிட்டா இந்தப் பஞ்சை ஆருங்க பாத்துக்குவாங்க" என்றார். காசுக்கு வைத்த வாட்ச்மேன்கூட அந்தப் பஞ்சை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

கொரோனா ஓய்ந்து ஊர் மறுபடி ஓடத் தொடங்கிய வருஷங்கள் அவை. ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை, விடுதியில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறை கார்த்தி உள்ளே வந்தான். கருமத்தம்பட்டிக்காரன். அப்பா அங்கே விசைத்தறி ஓட்டுகிறார். இவன் இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அன்று காலையில்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்தான். கையில் துண்டால் சுற்றிய எதையோ, பூனைக்குட்டியைத் தூக்கி வருவது போலத் தள்ளிப் பிடித்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"ண்ணா, இது சூடாவுதுங்ணா" என்றான்.

துண்டை விலக்கினால் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, மேலே ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. சிகரெட்டுக்குப் பதிலாக ஆவி இழுக்கும் கருவி, வேப் என்கிறார்களே, அது. நம் நாட்டில் தடை செய்த சாமான். வெளிநாட்டிலிருந்து வந்த சிநேகிதன் எவனோ கொடுத்திருக்கிறான். பெட்டியின் ஒரு பக்கம் வழுக்கித் திறக்கிற கதவு. பெருவிரலால் தள்ளினால் நகரும், உள்ளே டார்ச் பேட்டரி மாதிரி இரண்டு பேட்டரிகள் இருக்கும். அந்தக் கதவுதான் இப்போது திறக்கவில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் போட்ட முட்டையின் சூடு இருந்தது.

"எத்தனை நேரமா இப்படி?"

"பஸ்ஸுல வரும்போதே பாக்கெட்டுல வெதுவெதுன்னுதான் இருந்துச்சுங்ணா. குளுருக்கு இதமா இருக்குதேன்னு உட்டுட்டேன்."

யோசிக்கவே இல்லை, இருவரும் மெதுவாங்க அண்ணன் அறைக்குப் போனோம். ஊரில் எல்லோருக்கும் அவர் கேலிப்பொருள்தான். ஆனால் ஒரு சாமான் காரணமில்லாமல் சூடானால் கால்கள் தாமாக அவர் அறைக்குத்தான் போகும்.

அண்ணன் பெட்டியைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தார். சுவர் வந்த பிறகும் நகர முயன்றார். பிறகு கொடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பைக் இல்லாத அந்த மனிதர் பஸ்ஸில் போகும்போது போடுவதற்காக வாங்கிய ஹெல்மெட் அது.

"மெதுவாங்க. மணலு மேல வெய்யுங்க கண்ணு. அமுக்காம. ஆங். இப்பச் சொல்லுங்க, என்ன பண்ணிப்போட்டீங்க?"

கார்த்தி சொன்னான். கதவு கொஞ்ச நாளாகவே இறுக்கமாக இருந்ததாம். உள்ளே ஊற்றுகிற திரவம் பாகு மாதிரி கசிந்து கதவு ஓடும் தடத்தில் இறங்கியிருக்கிறது. வாரம் தவறாமல் ஊருக்குப் போய்த் தறிக்குடோனில் உட்கார்ந்ததில், பறக்கிற பஞ்சுத்தூசி எல்லாம் அந்தப் பாகில் ஒட்டியிருக்கிறது. கதவு நகர மறுத்தபோது, நம் வீடுகளில் கிறீச்சிடும் கதவிலிருந்து கீறல் விழுந்த முழங்கால் வரைக்கும் எல்லாவற்றுக்கும் செய்கிற வைத்தியத்தையே அவனும் செய்திருக்கிறான்.

"தேங்கா எண்ணெ உட்டேனுங்ணா. அன்னைக்கு வெண்ணெ மாதர ஓடுச்சு."

"மார்கழியிலயா உட்டீங்க?"

"ஆமாங்ணா. அடுத்த நாள் மறுக்கா இறுகிப்போச்சு. இன்னுங் கொஞ்சம் உட்டேன்."

விடியற்காலையில் குளியலறை அலமாரியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு கல்லாக உறைந்து நிற்கிற மாதம் அது. பாகும் பஞ்சும் உறைந்த எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஆசாரி போட்ட பசைகூட அத்தனை உறுதியாக இருக்காது. அண்ணன் ஹெல்மெட்டுக்குள்ளேயே தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பறம்?"

கார்த்தி கையிலிருந்த துண்டை மடிக்க ஆரம்பித்தான்.

"ஸ்க்ரூ டிரைவரு உட்டீங்களா கண்ணு?"

"நேத்து ராத்திரி, சந்துல உட்டு லேசா நெம்பிப் பாத்தேனுங்ணா."

அண்ணன் ரொம்பத் தாழ்ந்த குரலில், பேட்டரிக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி விளக்கினார். பேட்டரிக்கு மேலே தாள் மாதிரி ஒரு தோல் சுற்றியிருக்குமாம். ஸ்க்ரூ டிரைவர் முனை அதைக் கிழித்திருந்தால் உள்ளுக்குள்ளேயே மின்சாரம் குறுக்கு வழியில் ஓடும். முதலில் சூடு, பிறகு உஸ் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு என்னவென்று அவர் சொல்லவில்லை. போட்டோ எடுத்தவர் அவர். மேலே இருந்த குப்பியை மட்டும் மெல்லத் திருகிக் கழற்றச் சொன்னார். கழற்றியும் சூடு குறையவில்லை. சூடு பேட்டரியில்தான் இருக்கிறது என்பது உறுதியானது.

"ஃபயர் சர்வீஸுக்கு ஒரு போன் போட்டுருவோமுங்க."

"வேண்டாமுங்ணா, இது தடை பண்ணுன சாமானுங்ணா. எங்கப்பனுக்குத் தெரிஞ்சா தறியிலயே கட்டித் தொங்க உட்டுருவாரு."

அண்ணன் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தார். அதுவரை அவருக்குத் தீயை மட்டும்தான் பயம். "இதுல போலீசு வேறயுங்களா" என்றார். ஒரே நேரத்தில் இரண்டு பயங்களை எந்தக் கையால் பிடிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, கீழே கொண்டுபோய் வீதியில் வைத்துவிடலாம் என்றேன். கீழே போனால் படியின் இருபுறமும் பஞ்சு மூட்டை, அதைத் தாண்டினால் மெத்தைக் கடை. தாண்டிப் போனாலும் ஞாயிற்றுக்கிழமைக் காந்திபுரம். மூன்றடி இடத்தில் முப்பது பேர் நிற்கும் வீதியில் எங்கே வைப்பது? அப்படியானால் மொட்டைமாடி என்று நான் படியேறிப் பார்த்தேன். சரசக்கா மாடி முழுக்க இலவம் பஞ்சைக் காயப்போட்டிருந்தார். கைப்பிடிச் சுவரிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை வெள்ளை. நடுவில் அக்கா முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்து விதை பொறுக்கிக்கொண்டிருந்தார். மேலே பஞ்சு, கீழே பஞ்சு, நடுவில் சூடாகிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியோடு நாங்கள் மூன்று பேர்.

"முதல்ல அக்காகிட்டச் சொல்லிப் பஞ்சை ஒதுக்கோணுங்க" என்றார் அண்ணன். பெட்டியைக் குளியலறையின் சிமெண்டுத் தரையில், மணல் வாளிக்குள் பாதி புதைத்து வைத்துவிட்டு, கார்த்தியை எட்ட நின்று காவல் காக்கச் சொல்லிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்களின் சுபாவம் குறுக்கே வந்து நின்றது. கொங்கு நாட்டில் பிறந்த ஒருவர் இன்னொருவரிடம் வீடு எரிகிறது என்று சொல்ல வேண்டுமானால்கூட முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். அண்ணன் ஹெல்மெட்டோடு போய் அக்கா முன்னால் நின்றார்.

"ஏனுங்கக்கா, சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங் தம்பி. நீங்க?"

"இனிமேத்தானுங்க. பாப்பா ஊருல இருந்து வந்துதுங்களா?"

"வார வாரம்னு சொல்லிட்டே இருக்குறா. மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்கோணுமல்ல."

"கெடைக்குமுங்க. பொங்க நோம்பிக்குக் கட்டாயம் வந்துருவாங்க."

"வந்தா சரிதான் சாமி. அதென்ன, வெயிலுக்கு ஹெல்மெட்டுங்களா?"

"ஆமாங்கக்கா. பஞ்சு இந்த வருசம் தேவலைங்களா?"

நான் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் கண்ணுக்குள் அந்த வாளிதான் தெரிந்தது. அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது, 'இன்னும் மாப்பிள்ளை வீட்டாரை விசாரிக்கவில்லையே' என்கிற தவிப்பு. கடைசியில் நானே முந்திக்கொண்டு, கீழே ஒரு பேட்டரி சூடாகிவிட்டது, பஞ்சை உடனே மூட்டை கட்டி அந்தப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று போட்டு உடைத்தேன். சரசக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"இதைச் சொல்லத்தான் எம் மாப்பிள்ளைக்கு லீவு கேட்டீங்களா?" என்றார். சொல்லும்போதே எழுந்துவிட்டார். பஞ்சை அள்ளி மூட்டைக்குள் திணிக்க ஆரம்பித்தார். அந்தக் கடை ஒன்றுதான் அவருக்கு. புருஷன் போன பிறகு அந்தப் பஞ்சை அடைத்து அடைத்துத்தான் பெண்ணைக் கட்டிக்கொடுத்தார். நான் கார்த்தியைக் கூப்பிட்டு அக்காவோடு விட்டுவிட்டு, அண்ணனோடு கீழே இறங்கினேன்.

குளியலறை வாசலில் வராந்தாவில் உட்கார்ந்தோம். மாடியில் பஞ்சு ஒதுங்க நேரமாகும், சிமெண்டுத் தரைதான் பத்திரம், கொஞ்சம் ஆறினால்தான் கை வைக்கலாம் என்றார். அந்தக் காத்திருப்பு மாதிரி ஒரு கொடுமையை நான் அனுபவித்ததில்லை. குழாயில் ஒரு சொட்டு விழுந்தாலும் இருவரும் சேர்ந்து எழுந்தோம். எதையாவது பேச வேண்டுமே என்று, இத்தனை பயத்தோடு இந்த வேலையை எதற்குச் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"முன்னால பயமெல்லாம் இல்லீங்க தம்பி. வெள்ளகோவில் பக்கம் ஒரு நூல் குடோனு. ராத்திரி எரிஞ்சு, நான் காலைல போட்டோ எடுக்கப் போனேன். பக்கத்துலயே ஊடு. அதுவுஞ் சேந்து போச்சு. நான் கேமராவைத் தூக்குனதும் அந்தம்மா சீமாறை எடுத்துட்டு வந்து, 'இருங்க தம்பி, ஊடு அலங்கோலமாக் கெடக்குது, கூட்டி உட்டுர்றேன், அப்பறம் எடுங்க'ன்னு சாம்பலைக் கூட்டுனாங்க. எரிஞ்ச ஊட்டுக்கு வந்தவனுக்குக் கூட்டி உடறாங்க. வேண்டாமுங்கன்னு சொல்ல வாய் வரலீங்க எனக்கு."

சொல்லிவிட்டு ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய்ப் புறங்கையை மணலுக்குப் பக்கத்தில் காட்டிப் பார்த்தார். குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை என்றார். கேட்ட சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். பழைய பல் பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சி, அவர் கொரோனாவிலிருந்து கை துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டு, பிளாஸ்டிக் அட்டை ஒன்று, சைக்கிள் டியூப் துண்டு. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, "மேல போய் அக்காவுக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணுங்க தம்பி, நான் கூப்புடறேன்" என்றார். மாடிப்படியில் பாதி ஏறியிருப்பேன். பின்னால் குளியலறைத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

ஓடி வந்து கதவைத் தட்டினேன். கார்த்தியும் அக்காவும் பஞ்சைப் போட்டுவிட்டு இறங்கி வந்தார்கள்.

"தட்டாதீங்க, கை ஆடுது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நான் பேசிட்டேதான் இருக்கறனுங்க. பேச்சு கேட்டுட்டிருந்தா நல்லா இருக்கறேன்னு அர்த்தம்."

அப்படியே பேசினார். எங்களோடு பாதி, பேட்டரியோடு பாதி. "இப்ப பிரஷ்ஷுல பஞ்சைத் தள்ளறனுங்க. தடம் நெடுகத் தேச்சுட்டே வாரனுங்க. பெரியவிய ரெண்டு பேரும் கோவிச்சுக்காதீங்க, இதோ வெளிய வந்துருவீங்க. இப்பக் குச்சியில ஸ்பிரிட்டைத் தொட்டு வெக்கறனுங்க. சொட்டச் சொட்ட நனையாம, ஈரமா மட்டும். இது தீப்புடிக்கற சாமானுங்க, அதனால காயற வரைக்கும் தொட மாட்டேன். ஊதக்கூட மாட்டேன்." சற்று இடைவெளி. "எண்ணெ எளகுதுங்க. இப்ப அட்டையைச் சந்துல உட்டு ஓட்டறனுங்க. இரும்பு ஆகாதுங் கார்த்தி கண்ணு, கேக்குதுங்களா? இரும்பு ஆகவே ஆகாது. நெம்பறது இல்லீங்க இந்தக் கதவு. இது தள்ளற கதவு. நேரா, தடத்து வாக்குல."

"கேக்குதுங்ணா" என்றான் கார்த்தி. அவன் அழுதுகொண்டிருந்தான்.

"இப்ப வழுக்காம இருக்க டியூப்பைப் பெருவிரலுக்கு அடியில வெச்சு, ரெண்டு கையிலயும்..."

பேச்சு நின்றது.

நாங்கள் காத்திருந்தோம். குரல் வரவில்லை. கார்த்தி, "ண்ணா?" என்றான். பதில் இல்லை. சரசக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். கதவை உடைக்கலாம் என்று தோளைக் கொடுத்தேன். உள்ளே அது வெடிக்கும் நிலையில் இருந்தால் நான் உடைக்கிற அதிர்ச்சியே போதுமே என்று நின்றேன். உடைக்கவும் பயம், உடைக்காமல் நிற்கவும் பயம். அந்தச் சில நொடிகளில் நான் கும்பிடாத சாமி இல்லை.

"ஒன்னுமில்லீங்க" என்றது குரல். "தும்மல் வந்துது. அடக்கிட்டு இருந்தேன்."

சரசக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு உடம்பில் எதுவும் மிச்சமில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே டக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்று, இன்னொன்று என்று மணலில் எதையோ வைக்கும் சத்தம். அதற்குப் பிறகு வெகுநேரம் மணலை அள்ளி அள்ளிப் போடும் சத்தம்.

தாழ்ப்பாள் திறந்தது. ஹெல்மெட்டிலிருந்து வேர்வை சொட்டியது. சட்டை மார்கழியில் மழையில் நனைந்த மாதிரி உடம்போடு ஒட்டியிருந்தது. வாளியைக் காட்டினார். ஒரு பேட்டரியின் பச்சைத் தோலில் விரல்நகம் அளவுக்குக் கிழிசல் இருந்ததாம். பெட்டி காலியாக, கதவு திறந்து, சாதுவாகத் தரையில் கிடந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தாழ்ப்பாள் எதுக்குங்ணா போட்டீங்க? ஏதாவது ஆயிருந்தா நாங்க எப்படி உள்ளே வர்றது?"

"உள்ள வரக்கூடாதுன்னுதானுங்க போட்டேன். கதவு மூடியிருந்தா உங்களுக்கு ஒன்னும் ஆகாதுங்க."

அதை அவர் வீரமாகச் சொல்லவில்லை. பற்கள் தந்தியடிக்கச் சொன்னார். சரசக்கா டீக்கடையிலிருந்து டீ வரவழைத்தார். அண்ணனால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கார்த்திதான் அதைப் பிடித்து, ஊதி ஊதிக் கொடுத்தான். "மெதுவாங்க கண்ணு, சூடு" என்று ஒவ்வொரு வாய்க்கும் சொல்லிக்கொண்டே குடித்தார்.

பேட்டரிகளை மறுநாள் பழைய எலெக்ட்ரானிக் சாமான் வாங்குமிடத்தில், முனைகளில் டேப் ஒட்டி, தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். கார்த்தி அந்தப் பழக்கத்தை அதோடு விட்டான். ஆனால் காலிப் பெட்டி அண்ணனிடமே தங்கிவிட்டது. குப்பையில் போட்டால் பொறுக்குகிற பிள்ளை கையில் சிக்கும், ஆற்றில் போட்டால் ஆடுமாடு குடிக்கும், போலீஸில் கொடுத்தால் கார்த்திக்கு ஆபத்து. ஆகவே பேட்டரியே இல்லாத, யாரும் இழுக்காத, அரசாங்கம் தடை செய்த ஒரு பெட்டியின் கதவை ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் பராமரித்தார். காய்ந்த பிரஷ்ஷால் தடத்தைத் துடைப்பார். உலர்ந்த பஞ்சுக் குச்சியால் மூலைகளை ஒற்றுவார். நாலைந்து முறை திறந்து மூடிப் பார்ப்பார். எண்ணெய் மட்டும் காட்டமாட்டார். "எண்ணெ தலைக்கு மட்டுமுங்க" என்பார். எதற்கு இதெல்லாம் என்று கேட்டால், "மறுக்கா ஒட்டிக்கிச்சுன்னா என்ன பண்றதுங்க" என்பார். வீதியில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால்கூடப் போலீஸ் என்று நினைத்துப் பெட்டியை அரிசி டப்பாவுக்கு மாற்றுவார். ஒரு முறை அவர் அவசரத்தில் மாற்றி வைத்ததில், கழன்று விழுந்த கதவை நாங்கள் எல்லோரும் சேர்ந்து அரிசியில் தேடினோம்.

கல்யாணமாகி நான் விடுதியை விட்டுப் போய்க் கொஞ்ச காலமாகிறது. அண்ணன் அதே அறையில், அதே பஞ்சுக்கு மேலேதான் இருக்கிறார். நான் வேலை விஷயமாக அடிக்கடி ஊர் ஊராகச் சுற்றுகிறவன். அவர் ஒருநாளும் என்னைப் போன் பண்ணச் சொன்னதில்லை. ஆனால் எந்த ஊருக்குப் போய்விட்டு எத்தனை மணிக்குத் திரும்பினாலும், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவருக்கு, "வந்து சேந்துட்டேனுங்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எனக்காகப் பயந்துகொண்டிருக்க அங்கே ஒருவர் இருக்கிறார், அவரைத் தேவைக்கு மேல் ஒரு நிமிஷம்கூடப் பயப்பட விட எனக்கு மனசு வருவதில்லை.